டயமீடிஸைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்?

கேள்வி:
ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காப்பியமான இலியட்டை முதல்முறையாக வாசிக்கிறேன். ஐந்தாம் காண்டம் முடித்த கையோடு எழுதுகிறேன். கிரேக்கர் பக்கம் போரிடும் ஆர்கோஸ் அரசன் டயமீடிஸ், காதல் தெய்வமான அஃப்ரொடைட்டியின் கையில் ஈட்டியைப் பாய்ச்சுகிறான், போர்க்கடவுள் ஏரிஸையே அலறவிடுகிறான். ஆனால் எங்கு பார்த்தாலும் காப்பிய நாயகன் அகில்லீஸ் பேச்சுதான். கடவுள் மேலேயே கை வைப்பது ஆணவம் இல்லையா? யாராவது விளக்குங்களேன்.

பதில் 1:
எனக்கு இலியட்டில் மிகப் பிடித்தவன் இவன்தான், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஆணவம் இல்லை. கிரேக்கர் பக்கம் நிற்கும் தெய்வம் அதீனா அவன் கண்ணை மறைத்த பனித்திரையை விலக்கி, யார் கடவுள் யார் மனிதன் என்று தெரியவைக்கிறாள். அஃப்ரொடைட்டியைத் தவிர வேறு கடவுளோடு மோதாதே என்றும் சொல்லிவிடுகிறாள். அதனால்தான் ஏரிஸ் எதிரே வந்ததும் படையைப் பின்வாங்கச் சொல்கிறான். பிறகு அதீனா தேடி வரும்போது அவன் என்ன செய்துகொண்டிருக்கிறான் பாருங்கள்: குதிரைகளின் பக்கத்தில் நின்று, கேடயத்தின் வாரைத் தூக்கிப் பிடித்தபடி, ட்ராய் தரப்பு வில்லாளி பாண்டரஸின் அம்பு துளைத்த தோளிலிருந்து கறுத்த ரத்தத்தைத் துடைக்கிறான். வாருக்கடியில் வியர்வை அரிக்கிறது, கை சோர்ந்துவிட்டது. அவள் திட்டியதும், "நீ சொன்னதால்தான் ஒதுங்கி நிற்கிறேன்" என்கிறான். அவளே தேரில் ஏறி ஓட்டிய பிறகுதான் ஏரிஸ் மேல் ஈட்டி பாய்கிறது.

ஒரே இடத்தில் எல்லை தாண்டுகிறான். ட்ராய் வீரன் ஈனியாஸைக் காக்கும் கடவுள் அப்பல்லோ மேல் மூன்று முறை பாய்கிறான். நான்காவது முறை கடவுள் அதட்டுகிறார், இவன் விலகிவிடுகிறான். 16ஆம் காண்டத்தில் அகில்லீஸின் நண்பன் பெட்ரோக்ளஸும் மூன்று முறை பாய்வான். நான்காவதில் அப்பல்லோவின் உள்ளங்கை முதுகில் விழும், அத்தோடு அவன் கதை முடிந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பதில் 2:
கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானை விட்டுவிட்டீர்களே! 4ஆம் காண்டத்தில் அவன் "உன் அப்பா டிடியஸ் மாதிரி நீ இல்லை" என்று குத்திக்காட்டும்போது டயமீடிஸ் வாயே திறப்பதில்லை. எதிர்த்துப் பேசிய நண்பன் ஸ்தெனெலஸையும் அடக்குகிறான். 9ஆம் காண்டத்தில் அதே அகமெம்னான் ஊருக்குக் கப்பல் ஏறலாம் என்று அழும்போதுதான் பதில் வருகிறது: எல்லோரும் போங்கள், நானும் ஸ்தெனெலஸும் கடைசிவரை நின்று போரிடுவோம்.

கேட்டவர்:
நன்றி. அந்த வார், வியர்வை இடத்தை அவசரத்தில் தாண்டிவிட்டேன். இப்போதுதான் திருப்பிப் படித்தேன். அப்புறம் ஒன்று, காப்பியம் முடிந்த பிறகு அவனுக்கு என்ன ஆகிறது?

பதில் 1:
பிற்காலக் கதைகளில் அஃப்ரொடைட்டி பழி தீர்க்கிறாள். மனைவி வேறொருவனோடு சேர்ந்துவிட, ஆர்கோஸை விட்டு இத்தாலிக்குப் போகிறான். அவன் தோழர்கள் பறவைகளாக மாறியதாகவும் சொல்வார்கள். ஏட்ரியாட்டிக் கடலின் டிரெமிட்டி தீவுகளை அவன் பெயரோடு சேர்த்துச் சொல்வதுண்டு. அங்கே இரவில் குழந்தை அழுவது போலக் கத்தும் ஒரு கடற்பறவையின் அறிவியல் பெயரிலும் இன்றுவரை டயமீடிஸ் இருக்கிறான். நீங்கள் முதலில் 6ஆம் காண்டத்துக்குப் போங்கள், டயமீடிஸை எதிர்கொள்ளும் ட்ராய் தரப்பு வீரன் கிளாக்கஸ் காத்திருக்கிறான்.