பக்கவாதத்துக்குப் பிறகான மூளையைக் கணினி மாடலில் ஆராய்வது: எங்கே வேலை கிடைக்கும், எப்படி ஆரம்பிப்பது? உள்ளே இருப்பவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நான் எலெக்ட்ரிக்கல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன். பி.எச்.டி. நேர்காணலில் மூளையைப் பற்றி அதிகம் கேட்கவில்லை, ஐகன் வேல்யூ, டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்று கணக்குதான் கேட்டார்கள். சரி, சேர்ந்ததும் மூளை இயங்குவதைக் கணக்காக்கிக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற மாடல் எழுதச் சொல்வார்கள் என்று பார்த்தால் முதல் வருடம் ஸ்கேனைச் சுத்தம் செய்வதிலேயே போய்விட்டது. பக்கவாத ஸ்கேன் தனித் தலைவலி. எல்லாருடைய மூளையையும் ஒரே பொது வரைபடத்தில் பொருத்துகிற மென்பொருள், செத்துப்போன திசுவைக் கண்டதும் குழம்பிப்போய் நல்ல திசுவை இழுத்து அந்த இடத்தை அடைக்கப் பார்க்கும், அதனால் பாதிப்பின் எல்லையை நாமே கையால் வரைந்து அதைக் கணக்கிலிருந்து விலக்க வேண்டும். நரம்பியல் டாக்டர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து என் கோட்டை அழித்து அழித்து வரைவார், நான் கற்றதில் பாதி அவரிடம்தான்.

இன்னொன்று. மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கிற எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் நரம்பின் மின்துடிப்பை நேராக அளப்பதில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதைத்தான் அளக்கிறது. பக்கவாதத்தில் கெட்டதே ரத்த ஓட்டம்தானே! ஒரு பகுதிக்கு ரத்தம் சற்றுத் தாமதமாகப் போனாலே, உள்ளே இணைப்பு நன்றாக இருந்தாலும் அறுந்துபோன மாதிரி காட்டும். அந்தத் தாமதத்தைத் திருத்தாத முடிவை நான் நம்புவதில்லை. நரம்பியல் ஆராய்ச்சியாளர் மௌரிட்சியோ கார்பெட்டா குழுவின் 2016 கட்டுரையைப் படியுங்கள்: கை கால் அசைவைக் கணிக்கப் பாதிப்பு எந்த இடத்தில் என்பது நன்றாக உதவுகிறது, ஞாபகத்துக்கோ மூளைப் பகுதிகளுக்கு இடையிலான இணைப்பு வலையமைப்பைப் பார்த்தால்தான் கணிப்பு தேறுகிறது.

—

நான் பிசியோ. நம்மூர் ஆய்வு ஒன்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தேன். பக்கவாதம் வந்து இரண்டு வாரம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று மூன்று ஸ்கேன் கேட்டார்கள். முதல் மூன்று மாதத்தில்தான் மீட்சி வேகம், அதனால் கேட்டது நியாயம்தான். ஆனால் கை கொஞ்சம் தூக்க வந்ததும் ஆள் வேலைக்குப் போய்விடுவார், கை தூக்க வராதவருக்கோ ஸ்கேனுக்குக் கூட்டிவர ஆள் இருக்காது. ஒரு அம்மா கேட்டார், "இந்தப் படத்த வச்சு இவருக்கு ஏதாச்சும் செய்வீங்களா தம்பி?" இல்லம்மா, இது ஆராய்ச்சிக்கு என்றேன். "அப்ப வண்டிக்காசாவது குடுங்க" என்றார். கடைசி ஸ்கேன் வரை தாக்குப்பிடித்தவர்கள் ஓரளவு வசதி உள்ளவர்கள்தான். மாடல் போடுகிறவர்கள் இதையும் பாருங்கள்.

—

வேலை பற்றிக் கேட்டவருக்கு: ஐஐடி மெட்ராஸ், பெங்களூர் ஐஐஎஸ்சி, மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் (என்பிஆர்சி) மூன்றிலும் இந்தத் துறையில் ஆள் இருக்கிறார்கள். மூளை வலையமைப்பைக் கணினியில் ஓட்டிப் பார்க்கிற தி விர்ச்சுவல் பிரெய்ன் மென்பொருள் இலவசம், பைத்தான் தெரிந்தால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். 2020-இல் தொடங்கிய, இந்தத் துறையை இணையவழியில் கற்றுத்தரும் நியூரோமேட்ச் அகாடமியின் பாடங்களும் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. கஷ்டம் அதற்கப்புறம்தான். பி.எச்.டி. முடித்ததும் கிடைக்கிற போஸ்ட்டாக் ஆராய்ச்சி வேலை எல்லாம் குறுகிய கால ஒப்பந்தம், என்னோடு படித்தவர்கள் நிறையப் பேர் டேட்டா சயின்ஸுக்குப் போய்விட்டார்கள், சம்பளத்தைப் பார்த்தால் குறை சொல்லவும் முடியாது. பிசியோ அண்ணன் சொன்ன வண்டிக்காசை நாங்கள் நிதி கேட்டு எழுதும்போதே பட்ஜெட்டில் போட்டுவிடுகிறோம், கூட வருபவருக்கும் சேர்த்து.