'சோழவரம் 57' என்று பின்னால் எழுதிய படம்: இது எம்.ஜி. டிசியா, டிடியா, மோர்கனா?

பழுப்பு_ஆல்பம்:

கறுப்பு வெள்ளைப் படம், சுமார் 3 அங்குல அகலம், ஓரம் பல் பல்லாக வெட்டியது. பின்பக்கம் பென்சிலில் 'சோழவரம் 57'; சென்னைக்குப் பக்கத்தில் கார் பந்தயம் நடந்த பழைய விமான ஓடுதளம் அது. திறந்த இரண்டு சீட் கார், நமக்கு இடப்பக்கம் பார்த்து முக்கால்வாசி திரும்பி நிற்கிறது. நீண்ட பானட், நிமிர்ந்த கிரில், கம்பி வீல், மட்கார்டில் ஒட்டாமல் தனியாக நிற்கும் பெரிய ஹெட்லைட், கதவு முழங்கை வைக்கிற மாதிரி வளைத்து வெட்டியிருக்கிறது. முன் பம்பர் இல்லை. கண்ணாடியை முன்பக்கம் மடக்கிப் போட்டிருக்கிறார்கள். நம்பர் பிளேட் மங்கல். ஒருவர் எம்.ஜி. கம்பெனியின் டிசி என்கிறார், ஒருவர் அதே கம்பெனியின் டிடி, இன்னொருவர் மோர்கன் கம்பெனியின் பிளஸ் ஃபோர்; மூன்றுமே பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். எதை வைத்து முடிவு செய்வது? மொபைலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதிதான் இப்போது கையில் இருக்கிறது.

வயர்வீல்19:

வாட்ஸ்அப் பிரதியை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். அது படத்தைச் சுருக்கும்போது முதலில் போவது வீல் கம்பி, லூவர் (பானட் தகட்டில் காற்றுக்காக வெட்டிய பிளவு) மாதிரியான மெல்லிய கோடுகள்தான். அசல் பிரின்ட்டை ஃபிளாட்பெட் ஸ்கேனரில் 1200 டிபிஐ, 16 பிட் கிரே, டிஃப் (TIFF) ஃபைலாக எடுங்கள். 'ஷார்பன்', 'டஸ்ட் ரிமூவல்' இரண்டையும் அணைத்துவிடுங்கள். அந்த டஸ்ட் ரிமூவல் கம்பிகளைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். 1200-க்கு மேல் போனால் கிரெய்ன்தான் (படத்தின் பொடிப் புள்ளி) பெரிதாகும். பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்கள், பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ முத்திரை மங்கலாக இருக்கலாம்.

கறுப்பான இடங்களில் நீலப் பளபளப்பு தெரிந்தால் அது வெள்ளி மேலே வந்து படிந்தது. துணியால் தேய்க்கவே கூடாது. அப்படி இருந்தால் ஸ்கேனர் வேண்டாம். படத்தைத் தட்டையாக வைத்து, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவில் நேர் மேலிருந்து எடுங்கள்.

ஏஐ வைத்துப் பெரிதாக்கும் ஆப் பக்கமே போகாதீர்கள். அது இல்லாத கம்பியை வரையும்; நம்பர் பிளேட்டில் தானாக ஒரு எழுத்தை எழுதி வைக்கும். அப்புறம் அந்த நம்பரை நம்பி ஆறு மாதம் அலைய வேண்டியதுதான்.

எஸ்யூ_கார்ப்:

எம்.ஜி. டிஎஃப் இல்லை என்பது உறுதி. டிடிக்கு அடுத்து 1953-இல் வந்த அந்த மாடலில் ஹெட்லைட் மட்கார்டோடு சேர்ந்தே இருக்கும், கிரில்லும் பின்னால் சாய்ந்திருக்கும்.

டிசி (1945–49), டிடி (1949–53) இரண்டையும் பிரிக்கப் பலரும் 'கம்பி வீல் என்றால் டிசி, தகடு வீல் என்றால் டிடி' என்பார்கள். கம்பெனியிலிருந்து வந்தது அப்படித்தான். ஆனால் பந்தய வண்டியில் வீலை நம்ப முடியாது: டிடியில் பின்னால் கம்பி வீல் போட்டவர்கள் உண்டு, டிசியின் 19 அங்குல வீலைக் கழற்றி 16 போட்டவர்களும் உண்டு. பம்பர் இல்லாததும் சாட்சி ஆகாது. டிடிக்கு முன்னும் பின்னும் பம்பர் உண்டு என்றாலும் பந்தயத்துக்கு வந்தால் எடை குறைக்க முதலில் கழற்றுவது அதைத்தான்.

மாற்ற முடியாதது முன் ஆக்சில். டிசியில் ஒரு வீலிலிருந்து மறு வீல் வரை ஒரே இரும்புத் தண்டு. சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டம்) இரண்டு கொம்பும் கிரில்லைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், அதன் கீழே பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் தெரியும். டிடியில் முன் வீல் இரண்டும் தனித்தனி சஸ்பென்ஷன், காயில் ஸ்பிரிங், அந்தத் தண்டே கிடையாது. கிரில்லுக்குக் கீழே நிழல் பகுதியை மட்டும் வெளிச்சமாக்கிப் பாருங்கள். முழுப் படத்தையும் வெளிச்சமாக்கினால் வெயில்பட்ட மட்கார்ட் வெளுத்துப்போகும்.

வயர்வீல்19:

அதோடு ஒரு அளவு. வீல் நீள்வட்டமாகத் தெரிந்தாலும் அதன் உயரம் கிட்டத்தட்ட சுருங்காது. பின் வீலை எடுங்கள், முன் வீல் திருப்பியிருக்கலாம். ரிம்மின் வெளி விளிம்பு மேலிருந்து கீழ் எத்தனை பிக்சல்? டயரின் மேல்பக்கத்தை மட்கார்ட் மறைக்கும், அதனால் வீல் நடுவிலிருந்து தரை வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள்.

டிசியின் டயர் 4.50-19 (அகலம்-விட்டம், அங்குலத்தில்), டிடியினுடையது 5.50-15. இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: 19 என்பது டயர் உட்காரும் இடத்தின் விட்டம். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு இன்னும் ஒன்றேகால், ஒன்றரை அங்குலம் பெரிது. அதையும், வண்டி எடையில் டயர் அமுங்குவதையும் சேர்த்தால் டிசிக்கு 0.73, 0.74 பக்கம் வரும், டிடிக்கு 0.64 பக்கம்.

பழுப்பு_ஆல்பம்:

ஸ்கேன் ஆயிற்று. ரிம் உயரம் 219 பிக்சல். வீல் நடுவிலிருந்து தரைக்கு 149, இரட்டித்தால் 298. வகுத்தால் 0.735. கிரில்லுக்குக் கீழே இருட்டைத் தூக்கிப் பார்த்தேன்: ஒரு கொம்பு நன்றாகத் தெரிகிறது, அடியில் அடுக்கடுக்காகக் கோடு.

வீல்பேஸையும் (முன் வீல் நடுவுக்கும் பின் வீல் நடுவுக்கும் உள்ள தூரம்) போட்டுப் பார்த்தேன். ரிம்மின் அகலம் 186, உயரம் 219, ஆகவே பக்கவாட்டுச் சுருக்கம் 0.849. இரண்டு வீல் நடுவுக்கும் இடையே 884 பிக்சல். 884-ஐ 0.849-ஆல் வகுத்தால் 1041. 298 பிக்சல் வந்த டயர் விட்டத்தை 27.5 அங்குலம் என்று வைத்தால் வீல்பேஸ் 96 அங்குலம். மோர்கன் பிளஸ் ஃபோரின் வீல்பேஸ் சரியாக 96 என்கிறார் மோர்கன் கட்சிக்காரர்! டிசிக்கு 94தானே?

எஸ்யூ_கார்ப்:

94தான். டிடிக்கும் 94, அதனால் அந்த அளவு இந்த இரண்டையும் பிரிக்கவும் உதவாது. உங்கள் 96 அதிகமாக வந்ததற்குக் காரணம், வண்டியின் மூக்கு கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், நீங்கள் அளவுகோலாக எடுத்தது தூரத்தில் இருக்கும் பின் வீல். இந்த முறையில் 3 சதவீதம் கூடக் குறைய வருவது சகஜம், அதாவது கிட்டத்தட்ட 3 அங்குலம். 94-க்கும் 102-க்கும் வித்தியாசம் சொல்லலாம், 94-க்கும் 96-க்கும் முடியாது.

மோர்கனை ஒதுக்க அளவே வேண்டாம். மோர்கனில் பானட்டின் மேல்பக்கத்திலும் லூவர் வரிசை இருக்கும். டிசியில் பக்கத் தகட்டில் மட்டும்தான். முன் ஸ்பிரிங்கும் மோர்கனில் ஒவ்வொரு வீலுக்கும் செங்குத்தான தூண் மாதிரி நிற்கும், நீங்கள் பார்த்த அடுக்குக் கோடு அங்கே வராது. பின்பக்கம் தெரிந்தால், டிசியில் பெட்ரோல் டேங்க் வெளியே செங்குத்தான பெட்டியாக நிற்கும், ஸ்டெப்னி அதன் மேல் கட்டியிருக்கும்.

கிரீஸ்_நிப்பிள்:

டிசி என்று முடித்துவிடாதீர்கள். போருக்கு முந்தைய எம்.ஜி. டிஏ (1936–39), டிபி (1939) இரண்டும் இதே 94 அங்குலம், இதே 19 அங்குல வீல், இதே முகம். டிபி மொத்தமே 379 வண்டிதான், டிசி பத்தாயிரம். வாய்ப்பு டிசி பக்கம் என்றாலும் பார்த்துவிடுவது நல்லது.

ஃபுட்போர்டைப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் நீளவாக்கில் பட்டை ஓடும். டிஏ, டிபியில் மூன்று, டிசியில் இரண்டு. கதவுப் பக்கம் பாடியை 4 அங்குலம் அகலமாக்கியதால் ஃபுட்போர்டில் இடம் குறைந்துபோனது, ஒரு பட்டை போயிற்று. பானட் திறந்த படம் வேறு இருந்தால் பாட்டரியைத் தேடுங்கள்: டிசியில் 12 வோல்ட் ஒன்று எஞ்சினுக்குப் பின் தடுப்பில் இருக்கும், பழசுகளில் 6 வோல்ட் இரண்டு பின்னால் ஆக்சில் பக்கம்.

ஸ்டீயரிங் எந்தப் பக்கம்? டிசி அத்தனையும் வலப்பக்க ஸ்டீயரிங். இடப்பக்கம் தெரிந்தால் நெகட்டிவை இடம் வலம் மாறும்படி புரட்டிப் போட்டு பிரின்ட் எடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் சட்டைப் பை அவருடைய இடது மார்பில் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பழுப்பு_ஆல்பம்:

பட்டை இரண்டு. பின் மட்கார்டுக்குப் பக்கத்தில் வெயில் பட்ட இடத்தில் தெளிவாக எண்ண முடிகிறது. ஸ்டீயரிங் வலது, பையும் சரியான பக்கம். வண்டி கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரிகிறது. கறுப்பு என்று குறித்துக்கொள்ளலாமா?

வயர்வீல்19:

வேண்டாம். கோடாக்கின் வெரிக்ரோம் 1956 வரை சிவப்பு உணராத ஃபிலிம். அதில் எம்.ஜி. சிவப்பு கறுப்பாகத்தான் விழும். படம் 57 என்றாலும் கேமராவில் பழைய ரோல் இருந்திருக்கலாம். அந்த '57'-ஏ படம் எடுத்த அன்று எழுதியதா, ஆல்பத்தில் ஒட்டும்போது நினைவிலிருந்து எழுதியதா என்று சொல்ல முடியாது. சோழவரத்தில் பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது, அதற்கு முன்னால் போகாது என்பது மட்டும் கீழ் வரம்பு. நிறத்தை 'அடர் நிறம்' என்று எழுதி வையுங்கள்.

கிரீஸ்_நிப்பிள்:

நம்பர் பிளேட்டில் முதல் இரண்டு எழுத்தாவது தேறுகிறதா பாருங்கள். எம்.எஸ்., எம்.டி. என்றால் சென்னை மாநில வண்டி, எம்.ஒய். என்றால் மைசூர், டபிள்யூ.பி. என்றால் கல்கத்தாப் பக்கம். எஸ், 5, 8 மூன்றும் மங்கலில் ஒரே மாதிரி இருக்கும். ஒரே எண்ணம் வைத்துக்கொண்டு படிக்காமல், சாத்தியமானது அத்தனையும் எழுதி வைத்து ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள்.

வண்டி இன்றைக்கும் யாரிடமாவது இருந்து அதுதானா என்று பார்க்க வேண்டி வந்தால், பானட்டுக்குள் இருக்கும் தகட்டை மட்டும் பார்க்காதீர்கள், அதை மாற்றுவது பத்து நிமிட வேலை. இடது முன் கொம்பில் சேசிஸ் நம்பர் அடித்திருக்கும். பெயின்ட் அப்பியிருக்கும், தின்னர் தொட்ட துணியால் மெதுவாக எடுக்க வேண்டும், எமரி பேப்பர் கூடாது. டிசி நம்பர்கள் 0251-இல்தான் தொடங்கும். 251 என்பது எம்.ஜி.யின் ஆபிங்டன் தொழிற்சாலை டெலிபோன் நம்பர். அதற்குக் கீழே ஒரு நம்பரைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.