புதுப்பிப்பு: பெங்களூரிலிருந்து காரைக்குடிக்குக் காரில் போய்ச் சேர்ந்தோம்

அரையாண்டு விடுமுறைக்கு, முட்டி வலி உள்ள அம்மாவையும் இரண்டு வாண்டுகளையும் காரில் கூட்டிக்கொண்டு அப்பத்தா வீட்டுக்குப் போகலாமா, திருச்சி வழியா மதுரை வழியா என்று போன வாரம் கேட்டிருந்தேன். திருச்சி என்றே முடிவானது. சேலம், நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று சுமார் 430 கி.மீ.

அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பியது தப்பு. தொப்பூர் கணவாயில் பனிமூட்டம், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது, அம்மா கந்த சஷ்டி கவசத்தை நிறுத்தவே இல்லை. விடிந்த பிறகு அந்த இடத்தைத் தாண்டுகிற மாதிரி கிளம்புங்கள். புதுக்கோட்டைக்கு முன்னால் ஒரு பஞ்சர், ஒரு மணி நேரம் போச்சு. திருமயம் கோட்டை தெரிந்ததும் பின்சீட்டில் சண்டை நின்றது.

சரி, அவசரம் எதற்கு என்றால், அன்று நகரத்தார் வீடுகளில் கும்பிடுகிற பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள், நாளுக்கொன்றாக எடுத்து வைத்த நூலிழைகளைத் திரியாக்கி மாவில் வைத்து, நெய் விட்டு ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்; அதுதான் இழை எடுப்பது. வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) எல்லோரும் உட்கார்ந்தாகிவிட்டது. அப்பத்தா மட்டும் முகப்பில் நின்றுகொண்டு, "இழை எடுக்காம உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம், கையக் கால அலம்பிட்டு வாங்க" என்றார். சின்னவன் பயப்படுவான் என்று நினைத்தேன், இரண்டாவது இழை கேட்கிறான்.

திரும்பும்போது டிக்கியில் சீப்புச்சீடை, மாவுருண்டை டின்கள்தான். ஸ்டெப்னியை எடுக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் இறக்கணும்.