ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் அடைப்பு: லைனை முழுசாக மாற்றத்தான் வேண்டுமா?

தரைத்தளம்:
வணக்கம். எங்கள் வீட்டுக் கழிவுநீர் லைன் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. ஆள் வந்து கம்பி விட்டுக் குத்தினால் ஓடும், பிறகு மறுபடி நின்றுவிடும். இது நான்காவது தடவை. மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடும்போது எங்கள் குளியலறை ஜல்லடையில் குபுக் குபுக்கென்று காற்று வரும், கொஞ்ச நேரத்தில் நுரையோடு தண்ணீர் ஏறும். அம்மாவுக்கு நடக்கவே சிரமம். அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பார்க்கிறேன். பழைய பீங்கான் குழாய், 4 அங்குலம். ஒருவர் முழுவதையும் தோண்டி பிவிசி போடச் சொல்கிறார். இன்னொருவர் தோண்டவே வேண்டாம், உள்ளேயே லைனிங் போட்டுவிடலாம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? அதுவரை ஆசிட் ஊற்றலாமா?

ரசமட்டம்:
ஆசிட் வேண்டவே வேண்டாம் தம்பி. வேரையும் மண்ணையும் அது ஒன்றும் செய்யாது. அடைப்புக்கு மேலே தேங்கி நிற்கும், அடுத்து கம்பி விட வருகிறவர் கையிலும் கண்ணிலும் தெறிக்கும். யாராவது பிளீச்சிங் பவுடரும் போட்டிருந்தால் குளோரின் வாயு வேறு கிளம்பும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடைத்தால் பெரும்பாலும் கோளாறு குழாயில்தான், போகிற கழிவில் இல்லை. மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். அடைத்திருக்கும்போது எந்த சேம்பர் (லைனில் இடையிடையே மூடி போட்டிருக்கும் தொட்டி) நிரம்பியிருக்கிறது, எது காலி? கம்பியின் முனையில் என்ன ஒட்டிக்கொண்டு வந்தது? லைன் போகிற வழியில் தரை எங்காவது இறங்கியிருக்கிறதா?

தரைத்தளம்:
முதல் சேம்பர் விளிம்பு வரை நிற்கிறது. வாசல் பக்கத்து இரண்டாவது சேம்பர் காய்ந்து கிடக்கிறது. கம்பியில் தேங்காய் நார் மாதிரி பழுப்பாக ஒரு கற்றை சுற்றிக்கொண்டு வந்தது. தண்ணீரில் அலசினேன். முடி என்று நினைத்தேன், ஆனால் கிளை கிளையாகப் பிரிகிறது. சேம்பர் அடியில் ஒரு கைப்பிடி மணலும் இருந்தது. நடுவில் இரண்டு டைல்ஸ் லேசாகக் குழிந்திருக்கின்றன, காலை வைத்தால் ஆடுகிறது.

ரசமட்டம்:
அப்படியானால் கோளாறு இரண்டு சேம்பருக்கும் நடுவில். நார் மாதிரி வந்தது வேர். பீங்கான் குழாயின் ஜாயிண்டில் சிமென்ட் பூச்சு விரிசல் விட்டால் முடி அளவு வேர் உள்ளே போகும். ஈரமும் சத்தும் கிடைப்பதால் உள்ளேயே புதராகிவிடும். கம்பி அதைக் கிழிக்கும், அவ்வளவுதான். மறுபடி தழைக்கும். மணல் வந்தது இன்னும் கவலை. வெளி மண் உள்ளே விழுகிறது என்று அர்த்தம். டைல்ஸ் இறங்கியதும் அதனால்தான் இருக்கும். அந்த இடத்தில் அம்மாவை நடக்க விடாதீர்கள்.

தோண்டுவதா லைனிங்கா என்பதை இப்போது யாரும் சொல்ல முடியாது. முதலில் ஜெட்டிங், அதாவது அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கழுவி, பிறகு கேமரா விடச் சொல்லுங்கள். கழுவாமல் விட்டால் திரையில் சேறுதான் தெரியும். தூரம் எழுதி வருகிற வீடியோவை உங்கள் போனில் வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா தலையில் சிக்னல் கருவி இருந்தால் கோளாறுக்கு நேர் மேலே தரையில் சாக்பீஸால் குறித்துவிடலாம்.

அடுப்படி:
நான் உணவகம் நடத்துகிறேன். எங்களுக்கும் அடிக்கடி அடைத்தது, ஆனால் கேமராவில் பார்த்தால் குழாய் நன்றாக இருந்தது. உள்சுவர் முழுக்க எண்ணெய்ப் படிவு, மெழுகு மாதிரி வெள்ளையாக. சுடுதண்ணீர் ஊற்றி ஊற்றி அதைத் தூரத்தில் கொண்டுபோய் உறைய வைத்திருக்கிறோம்! கிரீஸ் ட்ராப் (எண்ணெயை லைனுக்குப் போகாமல் பிடித்து நிறுத்தும் தொட்டி) கால்வாசி நிரம்பும்போதே வழிக்க ஆரம்பித்த பிறகுதான் நின்றது. கடை வைத்திருப்பவர்கள் லைனைத் தோண்டுவதற்கு முன்னால் ட்ராப்பைத் திறந்து பாருங்கள்.

தரைத்தளம்:
கேமரா விட்டாயிற்று. 6 மீட்டரில் ஒரு ஜாயிண்ட் விலகி வேர் தொங்குகிறது. 8 மீட்டரில் கேமரா தண்ணீருக்குள் முங்கி, 10 மீட்டர் தாண்டித்தான் மேலே வருகிறது. மீதிக் குழாய் சுத்தமாக இருக்கிறது. மொத்தமும் லைனிங் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் வந்தவர்.

ரசமட்டம்:
6 மீட்டருக்கு லைனிங் சரி. ரெசின் என்கிற இறுகும் பிசினில் ஊறிய துணிக்குழாயை உள்ளே செலுத்தி, காற்றிலோ தண்ணீரிலோ உப்ப வைத்து இறுக விடுவார்கள். பழைய குழாய்க்குள் ஜாயிண்டே இல்லாத புதுக் குழாய் கிடைக்கும், வேருக்கு வழி இருக்காது. ஆனால் 8 முதல் 10 வரை குழாய் தொய்ந்திருக்கிறது. லைனிங் பழைய குழாயின் வளைவில்தான் படியும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும், கழிவு அங்கே தங்கும். அதைத் தோண்டி வாட்டம் திருத்தியே ஆக வேண்டும். இதைச் சொல்லாமல் முழு லைனிங் விற்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. உங்கள் விஷயத்தில் இரண்டு கோளாறும் பக்கத்திலேயே இருப்பதால், 5 முதல் 11 மீட்டர் வரை மட்டும் தோண்டி பிவிசி போட்டுவிடலாம்.

4 அங்குலத்துக்கு 40-க்கு 1 வாட்டம், அதாவது 10 அடிக்கு 3 அங்குலம் இறக்கம். குழாய்க்கு அடியில் மணல் பரப்பிக் கெட்டிக்கச் சொல்லுங்கள். செங்கல் துண்டை முட்டுக் கொடுத்தால் நடுவில் மறுபடி தொய்யும். பழைய பீங்கானும் பிவிசியும் சேருமிடத்தில் அதற்கென்று உள்ள ரப்பர் கப்ளிங் போடுங்கள், வெறும் சிமென்ட் பூசினால் விட்டுப்போகும். மூடுவதற்கு முன் கீழ்முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று நின்று பாருங்கள்.

தரைத்தளம்:
சேம்பரில் சேறு அதிகம், உள்ளே இறங்கி அள்ளிவிடுகிறேன் என்று ஒரு பையன் கேட்கிறான். ஆழம் ஆறடிதான்.

ரசமட்டம்:
விடாதீர்கள். ஆறடியும் ஆளைக் கொல்லும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். சேற்றைக் கிளறும்போது இன்னும் வெளியேறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று தோன்றும், அடுத்த நிமிடம் ஆள் விழுவான். தூக்கப் போகிறவனும் விழுவான். உறிஞ்சும் வண்டியைக் கூப்பிடுங்கள். ஒரு நாள் தாமதமானால் ஆகட்டும்.

தரைத்தளம்:
பையனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வண்டி வந்து உறிஞ்சியது. இன்று 6 மீட்டர் தோண்டி முடித்தார்கள். விலகிய ஜாயிண்டில் என் மணிக்கட்டுத் தடிமனுக்கு வேர்க்கொத்து! தொய்ந்த இடத்தில் மண் அரித்துக் குழாய்க்கு அடியில் கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். மணல் போட்டு, ரசமட்டம் வைத்துக் குழாய் இறக்கினோம். தண்ணீர் நிரப்பி அரைமணி நேரம் பார்த்தோம், வைத்த கோட்டிலேயே நின்றது. இப்போது மாடியில் மெஷின் ஓடுகிறது, ஜல்லடையில் சத்தமே இல்லை. நாளை காலையில் பள்ளத்தை மூடுகிறோம். ரொம்ப நன்றி அண்ணே.

ரசமட்டம்:
சந்தோஷம் தம்பி. மூடுவதற்கு முன் பக்கத்தில் டேப் வைத்து நான்கு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று தெரிகிற மாதிரி. மண்ணைத் தண்ணீர் விட்டு அடுக்கடுக்காகக் கெட்டியுங்கள், டைல்ஸை அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.