'எழில் சாலை' என்று அறிவித்தால் கொங்குச் சாலைகள் பிழைக்குமா? (புனைபெயரில் பேசும் நால்வரின் விவாதம்)

புளியமரத்து நிழல்:
கோவை – பொள்ளாச்சி சாலையை நான்கு வழியாக்கியபோது இரண்டு பக்கமும் நின்ற புளியமரங்களும் ஆலமரங்களும் போயின. மேட்டுப்பாளையம் சாலையில் அதற்கு முன்பே போய்விட்டன. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு போகும் வழியில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. சித்திரை வெயிலில் பைக்கில் போய் அந்த நிழலுக்குள் நுழைந்தவர்களுக்கு நான் எதற்காக இதை எழுதுகிறேன் என்று தெரியும்.

இப்படிப்பட்ட சாலைகளை மாநில அரசு 'எழில் சாலை' என்று அறிவித்து, தனியாகப் பராமரிக்க ஒரு திட்டம் கொண்டுவர வேண்டும். இதற்கு ஒரு மனு தயாரிக்கிறேன். கலிபோர்னியாவில் 1963 முதல் இப்படி ஒரு திட்டம் இருக்கிறது. அங்கே ஒரு சாலைக்கு அந்தப் பெயர் கிடைக்க வேண்டுமென்றால், அந்தப் பகுதி நிர்வாகம் முதலில் சாலையோரத்தைக் காக்க விதிகள் போட வேண்டும். விளம்பரப் பலகை, மண் வெட்டுவது, கட்டடம் எல்லாம் அதில் வரும். காக்கத் தவறினால் பெயரைத் திரும்பப் பெறவும் வழி உண்டு.

என் பட்டியலில் மூன்று: 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஆழியாறு – வால்பாறை சாலை, 70 வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலை, காங்கயம் – தாராபுரம் பக்கம் கொறங்காடுகளுக்கு (வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் நிலங்களுக்கு) நடுவே போகும் கிராமச் சாலைகள். மூன்றாவதைப் பார்த்துச் சிலர் சிரிக்கலாம். கிளுவை வேலி, வெள்வேல மரம், கொழுக்கட்டைப்புல்லில் மேயும் காங்கயம் மாடு, இந்தக் காட்சி உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது?

கொறங்காட்டுக்காரர்:
தம்பி, நீங்கள் ரசிக்கும் கொறங்காடு என்னுடைய பட்டா நிலம். கிளுவை வேலி என் பாட்டன் நட்டது. அதைச் சாலையிலிருந்து பார்ப்பவர்களுக்காக நான் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

2013-ல் எரிவாயுக் குழாய் எங்கள் தோட்டங்கள் வழியாக வரும் என்றார்கள். 2018-ல் உயர் மின் கோபுரங்களுக்காக ஈரோடு, திருப்பூர் பக்கமெல்லாம் விவசாயிகள் வீதியில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு முறையும் சொன்னது ஒன்றுதான்: நிலம் உங்களுடையதுதான், அதில் கொஞ்சம் கட்டுப்பாடு மட்டும் இருக்கும். அந்தக் 'கொஞ்சம்' வந்தால் நிலத்தை விற்கவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது.

மாடு வைத்துப் பிழைப்பது இன்று எவ்வளவு சிரமம் என்று தெரியுமா? மழை ஏமாற்றினால் புல் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் சைட் போட்டு விற்றுவிட்டுத் திருப்பூரில் வீடு கட்டிவிட்டார். அவரைத் தடுக்க முடியாத சட்டம், விற்காமல் வைத்திருக்கும் என்னை மட்டும் பிடிக்கும். எழிலைக் காப்பாற்றியவனுக்குத்தான் தண்டனையா?

ஒன்பதாம் வளைவு:
நான் வால்பாறைக்காரி. எங்கள் சாலையைப் பட்டியலில் இருந்து தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நின்றால் ஆழியாறு அணை முழுவதும் தெரியும். வரையாடுகள் சாலைக்கே வரும். சனி, ஞாயிறு வந்து பாருங்கள். வரையாட்டுக்குப் பக்கத்தில் செல்ஃபி எடுக்கக் கூட்டம், ஓரமெல்லாம் பாட்டில். மேலே புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் இருக்க மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். அந்தக் குரங்குகளுக்குச் சிப்ஸ் போட்டுச் சாலைக்கு இறக்குவது வருகிறவர்கள்தான். பட்டம் கொடுக்காத சாலைக்கே இந்தக் கதி என்றால், அரசே 'எழில் சாலை' என்று பெயர் வைத்து அழைத்தால் என்ன ஆகும்?

நீலகிரியைப் பாருங்கள். வண்டிகள் தாங்காமல் 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பொள்ளாச்சி போக எங்களுக்கு இருப்பது இந்த ஒரு பாதை. அதில் வண்டி நின்றால் எங்கள் உயிர் நிற்கிறது.

டாரஸ் ஓட்டுநர்:
சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலைப்பாதையில் 27 வளைவு, பல வருடம் ஓட்டியிருக்கிறேன். 2022-ல் நீதிமன்றம் சொல்லி இரவில் மூடினார்கள். புலிகள் காப்பகம், யானை அடிபடுகிறது, சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பண்ணாரியில் விடிய விடிய நின்ற காய்கறிக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. எழில் சாலை என்று வந்தால் அடுத்த தடை லாரிக்குத்தான் வரும். முதலில் தார் போடுங்கள், அப்புறம் பெயர் வைக்கலாம்.

புளியமரத்து நிழல்:
மூன்று பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

வால்பாறை அக்கா சொன்னது சரி. கூட்டம் தாங்காத சாலைக்கு இந்தத் திட்டம் தேவையில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறேன், கொல்லிமலையையும் சேர்த்து. ஓட்டுநர் அண்ணா, நான் கேட்பது வண்டியை நிறுத்தும் திட்டம் இல்லை. மரத்தையும் ஓரத்தையும் பற்றியதுதான்.

பராமரிப்புதான் இதில் பாதி. 1997-ல் சுமார் 10,000 சாலைப் பணியாளர்களை நியமித்தார்கள். 2002-ல் மொத்தமாக வேலையை விட்டு நீக்கி, 2006-ல் திரும்ப எடுத்தார்கள். மண்வெட்டியும் கூடையுமாக ஓரத்து முள்ளை வெட்டி, மரத்தில் வெள்ளையும் கறுப்பும் அடித்தவர்கள் அவர்கள்தான். பிறகு ஐந்தாண்டுப் பராமரிப்பை மொத்தமாக ஒப்பந்தத்தில் விடும் முறை வந்தது. மாநிலத்தில் அது முதலில் தொடங்கியதே நம் பொள்ளாச்சிக் கோட்டத்தில்தான். அந்த ஒப்பந்தத்தில் குழியை மூடு, கோடு போடு என்று இருப்பது போல, இத்தனை மரம் உயிரோடு இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி சேர்க்க முடியாதா? வெட்டியதற்கு ஒன்றுக்குப் பத்தாக நடும் கன்றுகளுக்கு இரண்டாவது கோடையில் யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள்?

விளம்பரப் பலகையும் விட முடியாது. 2023-ல் கருமத்தம்பட்டி பக்கம் விளம்பரப் பலகையின் இரும்புச் சட்டகம் சரிந்து மூன்று தொழிலாளிகள் இறந்தார்கள். எழிலை விடுங்கள், உயிருக்காகவாவது சாலையோரத்தை யாராவது பார்க்க வேண்டும்.

கொறங்காட்டுக்காரர்:
எனக்கு இன்னும் பதில் வரவில்லை. அப்புறம், வெளிநாட்டுக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான எழில் சாலைத் திட்டம் 1991-ல் வந்தது. 2012-க்குப் பிறகு பல வருடம் அதற்குத் தனி நிதியே இல்லை. பணக்கார நாட்டிலேயே பெயர் நின்றது, காசு நிற்கவில்லை. இங்கே காசு வராமல் போனால் கட்டுப்பாடு மட்டும் என் தலையில் இருக்கும்.

புளியமரத்து நிழல்:
அண்ணா, அந்த பயம் நியாயம்தான். மனுவின் மூன்றாவது பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன். பட்டா நிலத்தில் எந்தத் தடையும் கிடையாது. திட்டம் சாலைப் புறம்போக்குக்குள் மட்டும். கிளுவை வேலியும் மேய்ச்சலும் வைத்திருக்கிறவருக்கு வருடா வருடம் ஏக்கருக்கு ஒரு தொகை. வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம். புறம்போக்கில் உள்ள புளியமரங்களின் ஏலப் பணம் அதே சாலைக்கே திரும்ப வர வேண்டும். அங்கே மரம் வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி இப்போதே வேண்டும். எழில் சாலை என்றால் அந்தக் குழு ஊரில் வந்து உட்கார்ந்து மக்களைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

டாரஸ் ஓட்டுநர்:
வளைவில் கண்ணை மறைக்கும் கிளையை வெட்ட மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று சேருங்கள். என் ஆதரவு உண்டு.

கொறங்காட்டுக்காரர்:
'ஏக்கருக்கு ஒரு தொகை' என்றால் எவ்வளவு, எந்த மாதம், யார் கையெழுத்தில்? மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை கண்ணபுரம் பக்கம் வந்தால் காட்டையும் காட்டுகிறேன். கையெழுத்தை அப்போது பேசிக்கொள்ளலாம்.