கன்னி நூலை யாரிடம் கொடுப்பது? இளையவர்களுக்கு என்ன சொல்லலாம்?

வெள்ளவத்தை ஆசிரியை கேட்டது:

வணக்கம். வெள்ளவத்தையில் மாதம் ஒரு முறை கூடும் சிறிய வாசிப்பு வட்டம் ஒன்றைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். உயர்தரம் முடித்த பின்னரும் அங்கு வந்துபோகும் என் பழைய மாணவர்கள் மூவர் இவ்வாண்டு தம் கையெழுத்துப் பிரதிகளை என்னிடம் தந்து, "மிஸ், இதைப் புத்தகமாகப் போட வேண்டும், யாரிடம் கொடுப்பது?" என்று கேட்டிருக்கின்றனர். ஒருவருடையது கவிதைத் தொகுதி. இன்னொருவர் மலையகத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்கு வேலைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிப் பதினொரு சிறுகதைகள் எழுதியிருக்கிறார். மூன்றாமவருடையது ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கான கதை; அதற்குப் பக்கந்தோறும் வண்ணப்படம் வேண்டும்.

எனக்குத் தயக்கம் வரக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இன்னொரு மாணவர், தந்தையார் கடன் வாங்கித் தந்த பணத்தை ஒரு பதிப்பகத்திடம் முழுதாகக் கட்டி, ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டார். பதிப்பகம் தன் பெயரை முதற்பக்கத்தில் போட்டது. நானூற்றைம்பது பிரதிகளை முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டில் இறக்கியது. அத்துடன் அதன் வேலை முடிந்தது. அந்தப் பெட்டிகள் இன்றும் அவருடைய கட்டிலுக்குக் கீழே இருக்கின்றன, அவர் அதன் பிறகு எழுதவில்லை. இன்ன பதிப்பகம் நல்லது, இன்னது கூடாது என்று நான் கேட்கவில்லை. ஒரு வழியைத் தெரிவு செய்வதற்கு முன் இந்தப் பிள்ளைகள் எவற்றைத் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை, இத்துறையில் இருந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனை அச்சுக்காரர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்தில் தொடங்கி, கணினிப் பக்க வடிவமைப்பு வந்த பிறகும் பல ஆண்டுகள் அச்சகங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பழைய மாணவருக்கு நடந்தது பதிப்பு அன்று, அச்சடிப்பு மட்டுமே. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் ஊரில் பலர் நாற்பது வயதிலும் அறிவதில்லை. பிரதியை வாசித்துத் திருத்தி, எதை நீக்கலாம் என்று சொல்லி, தன் பணத்தைப் போட்டு, கடைகளுக்கு அனுப்பி, விற்ற கணக்கைக் காட்டுபவர் பதிப்பாளர். எழுதியவரின் பணத்தை வாங்கிக்கொண்டு அச்சிட்டுக் கொடுப்பவர் அச்சகத்தாருக்கு உரிய வேலையைச் செய்கிறார். அதில் தவறில்லை, ஆனால் அதற்கு அச்சகத்தாரின் கூலியை மட்டும் கொடுத்தால் போதும். ஆகவே பிள்ளைகள் முதலில் கேட்க வேண்டியது, "நான் பணம் தருவதாயின் அதற்கு நீங்கள் அச்சைத் தவிர வேறென்ன செய்வீர்கள்?" என்பதே.

இரண்டாவது, எழுத்துரு. இது சிறிய விடயமாகத் தோன்றும், ஆனால் நான் கண்ட சச்சரவுகளில் பாதி இதில்தான் தொடங்கின. இன்றைய பிள்ளைகள் கைபேசியிலோ கணினியிலோ யூனிகோடில் எழுதுகின்றனர். நம் அச்சகங்கள் பலவற்றில் பக்க வடிவமைப்பு இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் நடக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுகின்றன, கிரந்த எழுத்துகள் காணாமற் போகின்றன, மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகி நிற்கின்றன. திரையில் சரியாக இருந்தது என்று சொல்லிப் பயனில்லை. மாற்றிய பிறகு தாளில் எடுத்த பிரதியை, எழுதியவர் ஒரு முறையும் எழுதாத ஒருவர் ஒரு முறையும் வரி வரியாகப் பார்க்க வேண்டும். அச்சு முடிந்ததும் இறுதி வடிவத்தின் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் வேண்டும். இரண்டாம் பதிப்புக்கு முழு நூலையும் மீண்டும் தட்டச்சுச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

எத்தனை பிரதி என்பதற்கு என் விடை எப்போதும் ஒன்றுதான்: நீங்கள் நினைத்ததில் பாதி. ஓப்செட் முறையில் தகடு எடுக்கும் செலவு நூறு பிரதிக்கும் ஆயிரம் பிரதிக்கும் ஒன்றாகையால், கூட அடித்தால் ஒரு பிரதியின் விலை குறையும் என்று அச்சகத்தார் சொல்வது உண்மையே. ஆனால் விற்காத பிரதியின் விலை எவ்வளவு குறைந்தாலும் அது நட்டந்தான். இப்போது டிஜிட்டல் அச்சில் ஐம்பது, நூறு என்று எடுக்கலாம். ஒரு பிரதிக்குச் செலவு கூடும், கட்டிலுக்குக் கீழே இடம் மிஞ்சும். 2022 இல் கடதாசித் தட்டுப்பாடு வந்தபோது நாளிதழ்களே பக்கங்களைக் குறைத்தன. அதன் பின்னர் கடதாசி விலையை நம்பி யாரும் நீண்ட காலத்துக்குக் கணக்குப் போடுவதில்லை. அச்சகம் தரும் விலைமதிப்பு எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

சர்வதேசத் தர நூல் எண்ணை (ISBN) பற்றியும் சொல்லி விடுகிறேன், ஏனெனில் அதைப் பெற்றுத் தருவதற்கென்று தனியாகப் பணம் கேட்பவர்கள் இருக்கின்றனர். கொழும்பு 7 இலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையே இலங்கையில் அதை வழங்குகிறது. தம் நூலைத் தாமே வெளியிடும் எழுத்தாளரும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும் எண் நம் நாட்டுக்குரியது. அச்சு நூலுக்கும் மின்னூலுக்கும் வெவ்வேறு எண் வேண்டும். அதே சபை கையெழுத்துப் பிரதிகளைத் தெரிவு செய்து நூல் வெளியீட்டுக்கு உதவும் திட்டமொன்றையும் நடத்தி வருகிறது. அறிவித்தல் வரும் காலத்தைப் பார்த்திருந்து விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

முதல் நூல் முடித்தவள்:

ஐயா சொன்னதற்குப் பக்கத்தில் என் கணக்கை வைக்கிறேன். என் சிறுகதைத் தொகுதியை நானே முந்நூறு பிரதி அச்சிட்டேன். ஒரு பிரதிக்கு 450 ரூபாய் செலவாயிற்று, அதாவது மொத்தம் 135,000. விலை 800 என்று போட்டேன். வெளியீட்டு விழாவில் நூறு பிரதி போனது, 80,000 கிடைத்தது. உரையாற்றியவர்களுக்கும், பத்திரிகைகளுக்கும், "எனக்கு ஒன்று இல்லையா?" என்று கேட்ட உறவினர்களுக்கும் அறுபது பிரதி கைமாறியது. கடைகளுக்குக் கொடுத்த நூற்று நாற்பதுக்கு 35 வீதக் கழிவு போக ஒரு பிரதிக்கு 520 என்று பேச்சு. அவை முழுவதும் விற்றிருந்தால் 17,800 மிஞ்சியிருக்கும். ஆனால் ஒரு வருடத்தில் விற்றவை நாற்பது மட்டுமே, ஆகவே எனக்கு 34,200 ரூபாய் நட்டம். மண்டபத்துக்கும் சிற்றுண்டிக்கும் கொடுத்ததை நான் இதில் சேர்க்கவே இல்லை. அதை அம்மா அறிவார்.

விழா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் மங்கல விளக்கேற்றி, முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று பெயர் வாசித்து, கடித உறையில் அன்பளிப்புப் பெறும் அந்த முறைமையை நகைப்பவர்கள் உண்டு, ஒரு காலத்தில் நானும் நகைத்தேன். என் நூறு பிரதியும் அந்த மாலையில்தான் போயின என்பதால் இப்போது நகைப்பதில்லை. ஆனால் அந்த உறைகள் எனக்காக, என் குடும்பத்துக்காக வந்தவை; அவற்றில் எத்தனை நூல் வாசிக்கப்பட்டது என்பது வேறு கேள்வி. நயவுரை ஆற்றிய ஒருவர் பதினாறாம் பக்கத்துக்கு அப்பால் செல்லவில்லை என்பது மேடையிலேயே தெரிந்தது.

ஆகையால் மிஸ், உங்கள் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, பணம் கொடுத்து வாங்கக்கூடியவர்களின் பெயர்களை எழுதச் சொல்லுங்கள். எழுபது பெயர் வந்தால் நூறு பிரதி அடிக்கலாம்.

செட்டியார் தெருப் புத்தகக்காரன்:

கடைப் பக்கத்திலிருந்து மூன்று வார்த்தை. புத்தகத்தின் முதுகில் பெயர் இல்லாவிட்டால், இறாக்கையில் வைத்த மறுநாளே அது எங்களுக்கும் மறந்துவிடும். கவிதை நூல் மெல்லியதாக வருவதால் முதுகே இருப்பதில்லை. அதை மேசையில் படுக்கவைக்க இடம் கிடைக்கும் நாள் குறைவு. பிரதிகளைக் கொடுக்கும்போது திகதியுடன் பற்றுச்சீட்டு வாங்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து கணக்குக் கேளுங்கள். கேட்க வெட்கப்படும் எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கக் கடைக்காரர் அவசரப்படமாட்டார், இதை என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன்.

தெஹிவளை வாசகன்:

எல்லாரும் அச்சிலேயே நிற்பதால் மாறுபட்டு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கிண்டிலில் தமிழ் மின்னூலை எழுதியவரே செலவில்லாமல் ஏற்றலாம், ஆனால் இங்குள்ள வாசகர் அட்டையால் பணம் செலுத்தி வாங்குவார் என்று எதிர்பார்ப்பது கடினம். புலம்பெயர்ந்த நாடுகளில் வாசகர் இருப்பவருக்கே அது பொருந்தும். பணத்தை எதிர்பாராமல் வாசிக்கப்பட வேண்டும் என்று மட்டும் நினைக்கும் கவிஞருக்கு, இலவசமாகப் பகிரும் மின்னூல் போதும். எவ்வழியில் வெளியிட்டாலும், ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்துவைக்கும் "நூலகம்" இணையத்தளத்துக்கு ஒரு பிரதியை அனுமதியுடன் கொடுக்கச் சொல்லுங்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை அறிந்த நாம், ஒரு நூல் ஓரிடத்தில் மட்டும் இருப்பதை நம்பக்கூடாது.

சென்னைப் பதிப்பகங்களை நாடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கு ஏற்றுக்கொள்ளப்பட்டால் ஜனவரி வாக்கில் நடக்கும் புத்தகக் கண்காட்சியில் நம்மை அறியாத வாசகர்களின் கையில் நூல் சேரும், அது பெரிய வாய்ப்பு. ஆனால் அதே நூல் கொழும்புக்கு இறக்குமதியாகத் திரும்பி வரும்போது, கதையில் வரும் பிள்ளைகளின் குடும்பத்தாரால் வாங்க முடியாத விலையில் இருக்கும். உடன்படிக்கை எங்கு செய்தாலும், எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பதிப்புக்கு என்று வரையறுத்து உரிமை கொடுக்க வேண்டும். மின்னூலும் மொழிபெயர்ப்பும் தனித்தனியே பேசப்பட வேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதியவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் எழுபது ஆண்டுகளுக்கும் அது செல்லும். அவ்வளவு நீண்ட காலத்துக்குரியதை இருபது வயதில் ஒரு கையெழுத்தில் கொடுத்துவிடக் கூடாது.

வெள்ளவத்தை ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. சென்ற ஞாயிறு பெயர் எழுதும் தாளை மூவருக்கும் கொடுத்தேன். சிறுகதை எழுதியவர் தொண்ணூற்றிரண்டு பெயர் எழுதினார், அவற்றில் பாதி அவர் வேலை செய்யும் புறக்கோட்டைக் கடைத் தெருவைச் சேர்ந்தவை. அவர் நூறு பிரதியை டிஜிட்டலில் அச்சிடுவதென்று முடிவாயிற்று. கவிதை எழுதியவர் பதினெட்டுப் பெயருடன் நிறுத்தி, சற்று நேரம் பேசாமல் இருந்து, மின்னூலாகவே போடுகிறேன் என்றார். சிறுவர் கதையை அவசரப்படாமல் நூலக சபையின் உதவித் திட்டத்துக்கு அனுப்ப எண்ணியிருக்கிறோம், ஏனெனில் வண்ண அச்சை அவருடைய குடும்பம் தாங்காது. அச்சுக்கார ஐயாவிடம் இன்னும் ஒரு கேள்வி: படம் வரைபவருக்கு ஒரு தொகையாகக் கொடுப்பதா, விற்பனையில் பங்கு கொடுப்பதா, வழமையில் எது நடக்கிறது?

கொட்டாஞ்சேனை அச்சுக்காரர்:

வழமையில் ஒன்றும் கொடுப்பதில்லை, அதுதான் வழமை. நீங்கள் ஒரு தொகையாகவே கொடுங்கள், முன்கூட்டியே பாதி. படத்தின் மூலப் பிரதி வரைந்தவருக்கே உரியது என்றும், மறுபதிப்புக்கு அவரிடம் மீண்டும் அனுமதி கேட்கப்படும் என்றும் ஒரு வரி எழுதி இருவரும் கையொப்பமிடட்டும்.