புகை அடிச்சும் கொசு சாகல

பெரியப்பா: குட்டிக்கு டெங்குதான்னு ரிசல்ட் வந்துடுச்சு. பிளேட்லெட் பாத்துட்டு இருக்காங்க

சித்தி: ஐயோ கடவுளே. காய்ச்சல் விட்டுச்சா அத்தான்?

பெரியப்பா: இன்னும் இல்ல

அத்தை: எங்க தெருவுல நேத்துதான் புகை அடிச்சாங்க, இன்னிக்கும் பகல்லயே கடிக்குது. மருந்துல தண்ணி கலக்குறாங்கன்னு ஒரு ஆடியோ வந்துச்சு இருங்க போடுறேன்

மாமா: அதான் உண்மை

கவி: அத்தை அதை அனுப்பாதீங்க ப்ளீஸ். மருந்து சரியா இருந்தாலும் கொசு சாகாம போகலாம், ஒரே மருந்தை வருஷக்கணக்கா அடிச்சா அதைத் தாங்குற கொசு மட்டும் பொழச்சு அதோட வாரிசுதான் பெருகும். பிளக்ல மாட்டுற லிக்விட், கொசுவலைல தடவுறது, பல இடத்துல புகைக்கு போடுறது எல்லாமே பைரித்ராய்டு, ஒரே குடும்பம். கொசு நரம்புல சோடியம் போற வழியைத்தான் அது புடிக்கும், அந்த வழியோட ஜீன் மாறிட்டா பிடி கிடைக்காது. டிடிடிங்கற பழைய பூச்சிமருந்தும் அங்கதான் வேலை செய்யும், அதுக்குப் பழகுன கொசு இதுக்கும் அசையாம நிக்கலாம்

மாமா: ஒரே குடும்பம்னாலே பிரச்சினைதான் 😄

பெரியப்பா: யாரைச் சொல்ற?

அத்தை: ஆரம்பிச்சுட்டாங்க

அண்ணன்: பழகிடுச்சுன்னு எப்படி கண்டுபுடிப்பீங்க கவி

கவி: கொசுப் புழுவைப் புடிச்சு லேப்ல வளப்போம்ணா. 3–5 நாள் வயசு, ரத்தம் குடிக்காத பெண் கொசு, குழாய்க்கு 25. மருந்து தடவுன பேப்பரோட 1 மணி நேரம், அப்புறம் சுத்தமான குழாய்க்கு மாத்தி சர்க்கரைத் தண்ணி வச்சு 24 மணி நேரம் கழிச்சு எண்ணுவோம். 98% இல்லன்னா அதுக்கு மேல செத்தா மருந்து கேக்குதுன்னு அர்த்தம், 90க்கு கீழன்னா எதிர்ப்பு உறுதி, நடுவுலன்னா மறுபடி டெஸ்ட். இது உலக சுகாதார நிறுவனம் வச்ச அளவு. மருந்து இல்லாத பேப்பர்லயும் கொஞ்சம் விடுவோம், அங்கயே 20%க்கு மேல செத்தா டெஸ்ட் செல்லாது

சித்தி: கொசுவுக்கு சர்க்கரைத் தண்ணியா!!

அண்ணன்: 😳

கவி: பட்டினில செத்தா மருந்தால செத்துச்சான்னு தெரியாது சித்தி. சரி எனக்கு புழு வேணும். தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர்னு பல இடத்துலேர்ந்து எடுங்க, ஒரே தாய்க்குப் பொறந்ததா இருந்தா கணக்கு தப்பாயிடும். பாட்டில்ல முக்கால்வாசி தண்ணி போதும், எந்த வீடுன்னு எழுதி ஒட்டுங்க. எடுத்ததும் ஓரத்தைத் தேய்ச்சுக் கழுவுங்க, தண்ணி காஞ்சாலும் முட்டை மாசக்கணக்கா ஒட்டிட்டு இருக்கும்

பெரியப்பா: பழைய வீட்டுத் தொட்டில நெறைய இருக்கும். சாவி யாருட்ட?

மாமா: எங்கிட்ட இல்ல

அத்தை: 3 வருஷமா இதே பதில்தான். அப்பா போனப்ப உன் கையிலதான குடுத்தோம்

மாமா: அதை இப்ப ஏன் இழுக்குற

சித்தி: குட்டி ஆஸ்பத்திரில இருக்கான், இப்பவாவது சும்மா இருங்க ரெண்டு பேரும்

கவி: ஞாயிறு காலைல வந்து நானே எடுக்குறேன், சாவி மட்டும் கிடைக்கணும்

அத்தை: ஞாயிறு எனக்கு ஆகாது

பெரியப்பா: குட்டி கண்ணு முழிச்சிட்டான். அம்மா எங்கன்னு கேக்குறான்

மாமா: பீரோல தேடிப் பாக்குறேன் அண்ணே